வெள்ளை பூசிய கான்வாஸ் ஷூ

இடது காலில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, உட்பக்கமாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. மழை வருவதற்கு முன்னால் அங்கே வலிக்கும். மேகம் கூடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கொடியில் துணி போடப் போகிற பக்கத்து வீட்டுக்காரிகள், "இன்னைக்கு உங்க காலு என்னாங்க சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த வகையில் தெருவுக்கு உபயோகமாக இருக்கிறேன்.

காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்பவர்களிடம் கிணற்றடியில் வழுக்கியது என்று சொல்லிவிடுவேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். நிஜத்தைச் சொன்னால் ஒரு ஜோடி ஷூவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஷூவால் கால் எலும்பு உடையுமா என்று சிரிப்பார்கள். உடையும். எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில், எனக்கு உடைந்தது. இப்போது எங்கள் ஊரில் ஓடுகிற பெண்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பீங்கான் தொழிற்சாலையில் வேலை. பிளாஸ்டர் மாவில் செய்த அச்சுகளுக்குள், பால்போலக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை ஊற்றுவார். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். மண் மட்டும் உள்சுவரில் படிந்து ஜாடியாக நிற்கும், அல்லது பொம்மையாக. அந்தக் கரைசலுக்கு எங்கள் வீட்டில் மண்பால் என்று பெயர். அப்பாவின் நகக்கண்ணில் அது எப்போதும் இருக்கும். சோறு பிசையும்போது எது சோறு எது மண் என்று தெரியவில்லை என்று அம்மா கிண்டல் செய்வாள்.

நான் பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓடுவேன். மணிமுத்தாற்று மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவள். எங்கள் டிரில் டீச்சர் ரோஸ்லின்தான் என்னைப் பார்த்து, "வசந்தா, எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சதும் மெட்ராஸ்ல டிரில் டீச்சர் படிப்புக்கு செலக்‌ஷன் வெப்பாங்க. ஓட்டத்துல ஜெயிச்சா எடம் கெடைக்கும்" என்று சொன்னவர். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. வெள்ளைப் புடவை, கழுத்தில் விசில், நான் ஊதினால் நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன வேலை என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். மாசச் சம்பளம் என்றதும் சுளிப்பு போய்விட்டது.

மாவட்டப் போட்டிக்கு வெள்ளை ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். அப்பா கடைவீதிக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் என் அளவுக்கு ஒன்றை எடுத்துப் போட்டார். அப்பா கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்து, "வளர்ற காலு. இன்னும் ரெண்டு சைஸ் பெருசா குடுங்க" என்றார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் செருப்பும் சட்டையும் அப்படித்தான் வாங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய புடவைத் துணியைச் சுருட்டி முனையில் திணித்துக் கொடுத்தாள். முதல் வருஷம் ஷூவுக்குள் என் கால் லொடலொடவென்று ஆடியது. இரண்டாவது வருஷம் துணியை எடுத்துவிட்டோம். மூன்றாவது வருஷம் விரல்கள் மடங்கி உட்கார்ந்திருந்தன. சரியான அளவில் அந்த ஷூ எனக்கு எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தால், நடுவில் ஒரு கோடை விடுமுறையில் இருந்திருக்கலாம். அப்போது நான் ஓடவில்லை.

வெள்ளை ஷூ ஒரு வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும். கடையில் வெள்ளை பாலிஷ் விற்கும். பீங்கான் வேலைக்காரர்கள் வீட்டில் அதை யார் வாங்குவார்கள்? அப்பா சனிக்கிழமை சாயந்தரம் ஒரு தூக்குச்சட்டியில் மண்பால் கொண்டுவருவார். ஒரு சிட்டிகை நீலம், உதிராமல் இருக்கக் கொஞ்சம் வச்சிரப் பசை. துணியில் தொட்டுப் பூசி, காயவைத்து, மறுபடி ஒரு பூச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அது கண்ணைப் பறிக்கும். மற்ற பெண்களின் ஷூவெல்லாம் பழுப்பாக இருக்கும். "எம் பொண்ணு ஷூ எப்பவும் புதுசு" என்று அப்பா ஷிப்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். நானும் அப்படித்தான் நம்பினேன். ரோஸ்லின் டீச்சர்கூட, "யாருடி உனக்கு மாசா மாசம் புது ஷூ வாங்கித் தர்றது?" என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரில் ஒருவரும் அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

செலக்‌ஷனுக்கு முன் காலையும் மாலையும் ஓட்டம். ஆற்று மணலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தின் கட்டாந்தரையில் ஓடினேன். அப்போதுதான் அந்த ரூபாய்க் காசு அகலத்து வலி வந்தது. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஓடும்போது. பிறகு படியேறும்போது. அம்மா நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்தாள், புளிப்பத்துப் போட்டாள். "ஓடுற காலு வலிக்கத்தான் செய்யும். சும்மா கெடக்குற எனக்கே வலிக்குது" என்றாள். கடைசியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உள்ளூர் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இப்ப ஒண்ணும் தெரியல. ஓடாம இருக்கட்டும். வலி போகலன்னா ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாக்கணும்" என்றார். வெளியே வந்ததும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். படத்தில் ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டிருந்தது. செலக்‌ஷனுக்கு ஒரு மாசம்கூட இல்லாத நேரத்தில் ஓடாமல் இருக்கட்டும் என்றால் அது காதில் ஏறுமா?

அந்த வாரக் கடைசியில் மைதானத்தின் திருப்பத்தில் கால் உடைந்தது. சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. விழுந்த பிறகுதான் அந்தச் சத்தம் எனக்குள்ளிருந்து வந்தது என்று புரிந்தது. ரோஸ்லின் டீச்சர் ஓடிவந்து தன் புடவைத் தலைப்பை என் வாய்க்குள் திணித்தார், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க. கரும்பலகையில் கோடு போடுகிற மரக்கோலை வைத்துக் காலைக் கட்டினார்கள். மாட்டுவண்டியில் ஸ்டேஷன், அங்கிருந்து கடலூர் பாசஞ்சர். ரயில் ஆடுகிற ஆட்டத்தில் நான் கத்தாமல் இருக்க, அப்பா என் காலைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்தவர். அவர் கைமண் காய்ந்து என் பாவாடையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருந்ததுதான். ஒரு வரிசையில் சீட்டு, ஒரு வரிசையில் டாக்டர், ஒரு வரிசையில் எக்ஸ்ரே. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு வரிசையிலும் நின்றுவிட்டு வந்து, "இன்னும் கொஞ்ச நேரம்தான் பாப்பா" என்பார். எனக்குப் பதினெட்டு வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் பாப்பாதான்.

எலும்பு டாக்டர் ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். மீசையும் குரலும் அங்கேயே வாங்கியவை. படத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு ஒடஞ்ச எலும்பு இல்ல. முன்னாடியே கீறல் விட்டிருக்குது. அது மேல ஓடிருக்கே. எவ்ளோ நாளா வலி?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புளிப்பத்தை மறந்துவிட்டு முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்காலுக்கு மேலேயிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். மாவில் தோய்ந்த துணிச்சுருளைத் தண்ணீரில் நனைத்துக் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முதலில் ஈரம், பிறகு காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி ஒரு சூடு. கால் வேகிறது என்று நான் அலறப் பார்த்தேன். அப்பா என் தலைமாட்டில் குனிந்து, "பயப்படாத. இது நம்ம மாவுதான். எறுகும்போது சூடாவும், அப்புறம் அடங்கிடும். தெனம் பாக்குறேன்ல" என்றார். சொன்னபடியே அடங்கியது. மறுநாள் காலையில் வந்ததும் விரல் முட்டியால் மாவுக்கட்டை ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் ஈரம் இருக்குது. சாயந்தரத்துக்குள்ள காஞ்சிடும்." பக்கத்துக் கட்டில் மேரியக்கா, நல்லூர்க்காரி, களத்தில் வைக்கோல் போரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டவள், தன் கையை நீட்டினாள். "அண்ணே, என்னுதையும் தட்டிப் பாருங்க. வெந்துச்சா வேவுலயான்னு." அப்பா அதையும் தட்டிப் பார்த்தார். அந்த வார்டில் அப்படி நாலைந்து பேருக்குத் தட்டியிருப்பார்.

அந்த நாட்களைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அரிப்பு. கட்டுக்குள் வேர்வை இறங்கி அரிக்கும், சொறிய வழியில்லை. மேரியக்கா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியை மழுங்கவைத்துக் கொடுத்தாள். தங்க வளையல் கொடுத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். அம்மா விடிகாலைப் பாசஞ்சரில் ஆட்டுக்கால் சூப்போடு வருவாள். தூக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வருவதால் சூப்பும் அம்மாவும் ஒரே சூட்டில் வந்து சேர்வார்கள். எலும்புக்கு எலும்பு என்பது அவள் கணக்கு. எனக்கு அந்த வாடையே பிடிக்காது. பாதியை மேரியக்கா குடித்துவிடுவாள். அவள் கை என் காலைவிடச் சீக்கிரம் கூடியதற்கு அம்மா அதைத்தான் காரணமாகச் சொன்னாள்.

பயம் என்பது வேறு. எலும்பு தானாகக் கூடாவிட்டால் காலைத் திறந்து உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விளக்கு அணைத்த பிறகு அந்தத் திருகாணியைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியாது. தகடு வைத்த காலோடு யார் என்னை ஓடவிடுவார்கள்? தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மெட்ராஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டுப் பார்ப்பேன். எப்படிப் பார்த்தாலும் போதாது. அழுகிறேன் என்று தெரிந்ததும் மேரியக்கா இருட்டில் ஜெபம் சொல்ல ஆரம்பிப்பாள். எங்கள் பழமலைநாதரிடம் கேட்டது போதாமல் அவளுடைய மாதாவிடமும் கேட்டுக்கொண்டேன்.

ஒருநாள் டாக்டர் என் கட்டிலருகே நின்று, "ஓடும்போது என்னா ஷூ போடறே?" என்றார்.

"கான்வாஸ் ஷூ சார்."

"அத எடுத்துட்டு வரச் சொல்லு. பாக்கணும்."

அப்பா அன்று சாயந்தரமே ஊருக்குப் போனார். மறுநாள் காலையில் மஞ்சப்பையோடு வந்தார். பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம், பொட்டலத்துக்குள் ஷூ. பிரித்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கண்ணில் படப்போகிற பொருள் அழுக்காக இருக்கக் கூடாது என்று வீட்டுக்குப் போனதும் இரண்டு பூச்சுப் பூசியிருக்கிறார். அடுப்பின் கங்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்திருக்கிறார். சவரம் செய்யவில்லை, சட்டை மாற்றவில்லை. ஷூ மட்டும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

டாக்டர் வந்தார். "நான் கேட்டது ஓடுன ஷூ. புது ஷூ இல்ல."

"இதுதாங்க அது. மூணு வருசமா இதுதாங்க" என்றார் அப்பா. குரலில் பெருமை தெரிந்தது. இன்றைக்கும் என்னை அறுப்பது அந்தப் பெருமைதான்.

டாக்டர் ஷூவைக் கவிழ்த்தார். குதிகாலின் உட்பக்கத்தில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்துணி சதையைப் போலத் தெரிந்தது. கட்டைவிரலால் அடியை அழுத்தினார். அழுத்திய இடம் திரும்பி எழவில்லை. ஸ்டூல் மேல் நிற்கவைத்தார். இரண்டும் உட்பக்கமாகச் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழப்போவதுபோல நின்றன. பிறகு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். மூன்று வருஷத்துப் பூச்சு சடசடவென்று வெடித்து, என் வெள்ளைப் போர்வை மேல் ஏடு ஏடாகக் கொட்டியது.

"பாத்தீங்களா" என்றார். குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. "ஓடும்போது ஒவ்வொரு தடவையும் பூமி காலை ஒதைக்கும். அந்த ஒதையப் பாதி வாங்கிக்கத்தான் இந்த ரப்பர். ரப்பர் செத்துப்போனா மொத்தமும் எலும்புக்குப் போவும். அதுலயும் இது உள்பக்கமாத் தேஞ்சிருக்குது. பாதம் உள்ள சாயும், காலெலும்பு முறுக்கிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். ரெஸ்ட் குடுத்தா ஒடம்பு அதை அடச்சுக்கும். அடைக்கிறதுக்குள்ள மறுபடி மறுபடி ஓடுனா கீறல் வளந்து ஒருநாள் முறிஞ்சிடும். பட்டாளத்துல புதுசா சேர்ற பசங்களுக்கு நெறையப் பாத்திருக்கேன். பொம்பளப் புள்ளைக்கு இப்பதான் பாக்குறேன்."

அப்பா கேட்டார்: "மேல நல்லாத்தான இருந்துச்சுங்க?"

"மேல பாத்து ஷூ மாத்தக் கூடாதுங்க. அடியப் பாத்து மாத்தணும். இந்தப் பூச்சு வேற துணியப் பலகையாக்கிடுச்சு, கால் மடங்கவே எடமில்ல."

அப்புறம் அவர் எப்படி ஷூ வாங்குவது என்று நிதானமாகச் சொன்னார். கால் வீங்கியிருக்கிற சாயந்தர நேரத்தில் வாங்க வேண்டும். இரண்டு காலிலும் போட்டு நின்று பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் போதும், துணி திணிக்கிற அளவுக்குக் கூடாது. விரல் மடங்குகிற இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். மாசத்துக்கு ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். புது ஷூவை எடுத்த எடுப்பில் போட்டு ஓடக் கூடாது, வீட்டிலும் தெருவிலுமாகப் போட்டு நடந்து பழக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, அப்பா போர்வை மேல் கிடந்த வெள்ளை ஏடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அவர் அதில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒனக்கு உறுத்தும்ல" என்று மட்டும் சொன்னார். எப்போதும் வாயாடுகிற மேரியக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போது நான் அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் வலிப்பதாகச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

செலக்‌ஷன் நாள் நான் கட்டிலில் இருக்கும்போதே வந்து போனது. அன்றைக்கு ரோஸ்லின் டீச்சர் சாத்துக்குடியோடு வந்தார். உரித்துச் சுளை சுளையாகக் கையில் கொடுத்தார். எழுந்து போகும்போது, "அடுத்த வருஷம் இருக்குடி. வயசு இன்னும் ஒரு தடவைக்கு இடம் குடுக்குது. அதுக்கப்புறம் எடுக்க மாட்டாங்க" என்றார். ஒரு தடவை என்ற வார்த்தையை அதன்பிறகு ஒவ்வொரு நாளும் என் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு கூடியது. திருகாணி வேண்டியிருக்கவில்லை. மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளேயிருந்து வந்தது என் கால் மாதிரியே இல்லை. முருங்கைக் குச்சிபோல இளைத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, புழுங்கிய வாடையோடு இருந்தது. அம்மா வெந்நீர் ஒற்றிக் கழுவினாள். அப்பா வெட்டிய மாவுக்கட்டின் இரண்டு பாதியையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். அச்சு பிரிப்பது அவருக்குப் பழக்கமான வேலை. ஜாடி பழுதில்லாமல் வந்தால் சொல்வதுபோல, "நல்லா எறங்கியிருக்குது" என்று சொல்லிக் கீழே வைத்தார். மேரியக்கா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள், ஈர்க்குச்சியை என்னிடம் விட்டுவிட்டு.

வீட்டுக்கு வந்த பிறகு சனிக்கிழமைகளில் தூக்குச்சட்டி வரவில்லை. பழைய மண்பால் கொல்லைப்புறத்தில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அம்மா அதை எடுத்து எருக்குழியில் கொட்டினாள். அப்பாவுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், வாசலில் அவர்கள் விட்ட செருப்பைக் கவிழ்த்துப் பார்ப்பார். எனக்கு ஒரு வரன் பார்க்க வந்தவரின் செருப்பையும் பார்த்தார். "ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குது" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் காபியில் சர்க்கரை விழவில்லை. வரன் அமையவில்லை, அதற்குக் காரணம் காபியா செருப்பா என்று தெரியாது. எனக்கு மனசுக்குள் சந்தோஷம்தான். எனக்கு மெட்ராஸ் இருந்தது.

கால் தேறியதும் மறுபடி ஆற்று மணலில் ஓட ஆரம்பித்தேன், வெறுங்காலோடு, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக. அப்பா செலக்‌ஷனுக்கு வெகு நாள் முன்பே புது ஷூ வாங்கிவிட்டார். சாயந்தரம்தான் கடைக்குப் போனோம். நிற்கவைத்துப் பார்த்தார், கட்டைவிரல் அகலம் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். கடைக்காரர் பொறுமையிழந்து, "அண்ணே, ஷூ வாங்குறீங்களா, மாடு வாங்குறீங்களா?" என்று கேட்டார். வாங்கி வந்ததும் அட்டைப் பெட்டியோடு பரணில் ஏற்றினார்.

"போட்டுப் பாக்கட்டுமாப்பா?" என்றேன்.

"தேஞ்சிடும் பாப்பா. மெட்ராஸுக்குப் போடலாம். ஒருவாட்டி கூட தரையில படாத ஷூவ நீ போட்டு ஓடணும்."

நானும் சரியென்றேன். தேய்ந்த ஷூதான் என் காலை உடைத்தது. தேயாத ஷூ காப்பாற்றும் என்று இருவரும் நம்பினோம். டாக்டர் பழக்கிக்கொள்ளச் சொன்னதை நாங்கள் இருவருமே கேட்டிருந்தோம், போர்வை மேல் கொட்டிய வெள்ளை ஏடுகளுக்கு நடுவே. அது எங்கள் இருவர் மனதிலும் தங்கவில்லை. ரோஸ்லின் டீச்சர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். அவருக்கு அதற்குள் திட்டக்குடிக்கு மாற்றலாகிவிட்டது. அடுப்புக்கு மேலே இருந்த பரண் சூட்டில் அந்தப் பெட்டி மாசக்கணக்கில் இருந்தது. அப்பா அவ்வப்போது ஏறி, திறந்து பார்த்து, மூடிவைப்பார்.

மெட்ராஸ் மைதானத்தில் அப்பாவே முழங்காலிட்டு எனக்கு நாடா கட்டிவிட்டார். ரப்பர் சூட்டில் இறுகியிருந்தது. குதிகால் விளிம்பு கத்திமாதிரி இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எண்ணூறு மீட்டருக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் நான்தான் முன்னால். காலெலும்பில் துளி வலி இல்லை, அப்பா வேலிக்கு வெளியே கூடவே ஓடிவருவது கண்ணோரத்தில் தெரிந்தது. இரண்டாவது சுற்றின் திருப்பத்தில் இரண்டு குதிகாலிலும் தோல் கழன்றது. ஒவ்வொரு அடிக்கும் ஷூ வெட்டியது. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி, இன்னொருத்தி. தேர்வானவர்களில் கடைசிப் பெண் எனக்கு ஓரடி முன்னால் கோட்டைத் தாண்டினாள். அவள் பழுப்பேறிய ஷூ போட்டிருந்தாள்.

அவ்வளவுதான். காலெலும்பு உடையவில்லை, யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. குதிகாலில் தோல் உரிந்ததற்கு ஆஸ்பத்திரி எதற்கு? ஒருவர் பஞ்சும் டிஞ்சரும் கொடுத்தார்.

திரும்பி வந்த ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் காலில் பஞ்சு, அப்பா மடியில் ஷூ. பின்பக்கம் சிவப்பாகியிருந்தது. அவர் அதைக் கவிழ்த்து, டாக்டர் செய்ததுபோலக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். ரயில் செங்கல்பட்டைத் தாண்டியது.

"பழக்கச் சொன்னாருல்ல டாக்டரு" என்றார்.

"ஆமாப்பா. எனக்கும் ஞாபகம் வரல."

அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்து பக்கத்தில் வைத்தார். பிறகு, ஆஸ்பத்திரியில் கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டார்.

"நான் அந்த வெள்ளைய பூசாம இருந்திருந்தா, ஷூ பழசாப் போச்சு, வேற வாங்கிக் குடுன்னு நீ கேட்டிருப்பியா பாப்பா?"

ஆமாம் என்று சொன்னால் பழி அவர் மேல் விழும். அதனால் நிஜத்தைச் சொன்னேன். "கேட்டிருக்க மாட்டேன்பா. வூட்டு நெலம எனக்குத் தெரியாதா? கேட்டாலும் நீங்க எங்க போவீங்கன்னு சும்மாதான் இருந்திருப்பேன்."

அவர் மனசு லேசாகும் என்றுதான் அதைச் சொன்னேன். அவர் ஷூவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"வாங்கியிருப்பேன் பாப்பா" என்றார். "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா எப்பாடுபட்டாவது வாங்கியிருப்பேன். நீயா கேக்கவே மாட்டேங்கிறியே, ஒனக்கு இதே போதும்போலன்னுதான் நான் வாரா வாரம் பூசிக்கிட்டு இருந்தேன்."